மேனேஜ் பண்ணிக்கிறோம் என்றால்

ஓல்டம், இங்கிலாந்து,
ஜூலை 1983

டெரிக்குக்கு,

டொராண்டோவில் நீயும் உன் பெண்டாட்டியும் சுகமாகத்தான் இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கே நாங்களும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் "மேனேஜ் பண்ணிக்குவியாம்மா?" என்று கேட்டாய், பண்ணிக்கிறேன் என்றேன். உடனே விட்டாயே ஒரு பெருமூச்சு, கடல் தாண்டி என் காதில் விழுந்தது. "அப்ப சரி, அங்க வர எடுத்த டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடறேன், ஆகஸ்ட்ல ஏரிக்குப் போலாம்னு இருக்கோம்" என்றாய். நன்றாகப் போய் வா, மீன் பிடி. நீ இந்தத் தெருவில் வளர்ந்தவனா, இல்லை வானத்திலிருந்து குதித்தவனா? இங்கே அந்தக் கேள்விக்கு முடியாது என்று எவளாவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? பக்கத்து வீட்டு மிஸஸ் ஆக்டன், புருஷன் செத்த மறுநாளே துணி காயப் போட்டுக்கொண்டு மேனேஜ் பண்ணிக்கிறேன் என்றுதான் சொன்னாள். வயிறு நிறையத் தின்றவனிடம் "இன்னொரு துண்டு கேக் மேனேஜ் பண்ணுவியா?" என்று கேட்பதும் அதே வார்த்தைதான், வசந்தத்தில் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கால் அசையாத உன் அப்பாவைப் பார்த்து "படி ஏற மேனேஜ் பண்றாரா?" என்று டாக்டர் கேட்பதும் அதே வார்த்தைதான். டாக்டரிடமும் ஆமாம் என்றுதான் சொன்னேன். அவர் அந்நியர், நம்பிப் போனார். உனக்கு என்ன கேடு?

சின்ன வயதில் கை முறிந்து கட்டுப் போட்டிருந்தபோது, கரி வாளியைத் தூக்கிக்கொண்டு "நானே மேனேஜ் பண்ணிக்கிறேம்மா" என்று நீயும் சொன்னவன்தான். நான் சரி என்று விட்டேனா? வாளியைப் பிடுங்கிக்கொண்டு முதுகில் ஒன்று வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அப்பா கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே விழுந்துவிட்டார். தூக்கப் போய் நானும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே சரிந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. மிஸஸ் ஆக்டன் சத்தம் கேட்டு வாசற்கதவின் தபால் துவாரம் வழியாக, "எட்னா, மேனேஜ் பண்ணிக்கிறியாம்மா?" என்று குரல் கொடுத்தாள். தரையில் கிடந்தபடியே "பண்ணிக்கிறேன் கண்ணு" என்றேன். அவள் போய்விட்டாள். சாயங்காலம் நர்ஸ் வரும்வரை இரண்டு பேரும் அப்படியே கிடந்தோம். அப்பா என்னைப் பார்த்து, வாய் திரும்புகிற அளவுக்கு, "மண்டு" என்றார். அவர் சொன்னது சரிதான்.

இன்னும் எத்தனை நாள் அவரைத் தூக்குவேன் என்று எனக்கே தெரியவில்லை. வாயால் சொல்ல ஒருநாளும் வராது, அதனால்தான் எழுதுகிறேன். என்னால் முடியவில்லை டெரிக்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும், உன் பெண்டாட்டியையும்தான். ஏரியை விட்டுவிட்டு வா, இங்கே மழை, கோட்டு எடுத்துக்கொள். வருவதற்கு முன் போன் போட்டுக் கேட்காதே. கேட்டால் மேனேஜ் பண்ணிக்கிறேன் என்றுதான் சொல்வேன்.

உன் அம்மா,
எட்னா