குரங்கின் மேல் போட்ட பழி

மாமா, இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். அருவருப்பான இடங்களையும் விடமாட்டேன். உங்கள் சாவைப் பற்றி இந்த வீட்டில் சொல்லப்படும் கதையில் அருவருப்பு எதுவும் இல்லை. அதனால்தான் அதை என்னால் உட்கார்ந்து கேட்க முடியவில்லை.

இன்று பள்ளிக்கூடம் விட்டு மேலகரத்தில் தென்காசி பஸ் ஏறினேன். சீசன் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈரத் துண்டோடு நெருக்கி நின்றார்கள். என் அருகில் ஒருவர் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கியபோது அந்த வாடை அடித்தது. நல்லெண்ணெயும் வேப்பெண்ணெயும் கலந்து காய்ச்சிய மசாஜ் எண்ணெய். முன்பெல்லாம் அந்த வாடை வந்தால் நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுகிறீர்கள் என்று அர்த்தம். இப்போது அதன் அடியிலிருந்து சீழ் வாடையும் கிளம்பி வருகிறது. ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டிக்கொண்டேன். சாரல் முகத்தில் அடித்தும் அந்த வாடை போகவில்லை.

அருவிக்கரையில் உங்கள் மசாஜ் பலகைக்கு வராத ஊர்க்காரர்கள் இல்லை. "மூஞ்சியப் பாத்தா எனக்கு ஆள் தெரியாது ஏட்டி, முதுகக் காட்டச் சொல்லு, பேரச் சொல்லுதேன்" என்பீர்கள். அம்மாவின் தம்பியாக எங்கள் வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்தீர்கள். அப்பா குடித்துவிட்டு வரும் நாட்களில் மட்டும் பின்னறைக் கதவைத் திறந்தே வைத்திருப்பீர்கள். அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

உங்களை நிஜமாகவே குரங்கு கடித்ததும் உண்டு. அது நீங்கள் சாவதற்கு முந்தைய சீசனில். படுத்திருந்தவரின் சிப்ஸ் பொட்டலத்தைப் பிடுங்க வந்த குரங்கை விரட்டப் போய், முன்கையில் வாங்கிக்கொண்டீர்கள். தென்காசி ஆஸ்பத்திரிக்கு நானும் வந்தேன். மேலே இரண்டு குழி, கீழே இரண்டு குழி. நர்ஸ் அக்கா உங்களைக் குழாயடியில் நிறுத்தி, சோப்புப் போட்டு, போதும் போதும் என்று நீங்கள் சொல்லச் சொல்லக் கழுவ வைத்தார். கட்டும் போடவில்லை, தையலும் போடவில்லை. நான் காரணம் கேட்டேன். "கடிச்ச காயத்த மூடினா உள்ளயே சீழ் கட்டும்மா" என்றார். அதை நான் மறக்கவில்லை. வெறிநோய் ஊசிகளையெல்லாம் நீங்கள் ஒழுங்காகப் போட்டுக்கொண்டீர்கள்.

அந்த ஊசிகள்தான் பின்னால் வினையாயின.

போன ஆடியில் ஒரு நாள் டியூஷன் முடிந்து வீட்டுக்கு வந்தேன். அப்பாவின் மேலுதடு வீங்கி, முன்பல் ஒன்று போயிருந்தது. ஐந்தருவியில் பாசி வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். அம்மாவின் நெற்றி புடைத்திருந்தது. அலமாரிக் கதவு இடித்ததாம். உங்கள் வலது கையில் துண்டு சுற்றியிருந்தது. குரங்கு என்றீர்கள். ஒரே நாளில் ஒரே வீட்டில் மூன்று விபத்துகள். நிறையப் புத்தகம் படிக்கிறவள் என்று பேரெடுத்த நான் மூன்றையும் நம்பினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு, "ஊசிதான் போன வருசமே போட்டாச்சுல்லா, அது தாங்கும்" என்றீர்கள். பக்கத்துப் பலகைக்காரர்களும் அதையே சொன்னார்களாம். உங்கள் தொழிலில் குரங்குக் கடி என்பது மற்றவர்களுக்குக் காலில் முள் குத்துவது மாதிரி. குரங்கு என்று சொன்னவுடன் யாரும் காயத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

முதலில் காப்பித்தூளை அப்பினீர்கள். பிறகு மஞ்சளை உங்கள் எண்ணெயிலேயே குழைத்துப் பூசி, கிழிந்த வேட்டியால் இறுக்கிக் கட்டிக்கொண்டீர்கள். எத்தனையோ முதுகுகளின் வலியை எடுத்த எண்ணெய்க்குப் புண் எம்மாத்திரம் என்று நினைத்திருப்பீர்கள். மலையே தண்ணீராகக் கொட்டும் ஊரில் ஒரு சோப்பும் குழாயும் அந்தக் கைக்கு வாய்க்கவில்லை. கட்டக் கூடாது என்று நான் சொன்னேன். "டாக்டரம்மா வந்துட்டா" என்று அப்பா சிரித்தார். பல் போன இடம் சிவப்பாகத் தெரிந்தது.

இரண்டு நாளில் துணி விறைத்துவிட்டது. மஞ்சளும் சீழும் எண்ணெயும் காப்பித்தூளும் சேர்ந்து ஊறிய அந்த நிறத்துக்கு எனக்குப் பெயர் தெரியாது. ஈ மொய்த்தது. நீங்கள் இடது கையால் சோற்றைப் பிசைந்தீர்கள். அப்பா தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டு, "குரங்கு எச்சி பட்டா இப்படித்தான் நாறும். சவம், பின்னறையில போயித் தின்னச் சொல்லு" என்றார். நீங்கள் தலையைத் தூக்காமல் எழுந்து போனீர்கள். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பின்னாலேயே வந்தாள். அன்று எனக்கு உங்கள் கை மேல்தான் அருவருப்பாக இருந்தது. இப்போது அந்தச் சாப்பாட்டை நினைத்தால், கை மேல் இல்லை.

முழங்கை வரை சிவந்து குளிர்க்காய்ச்சல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்தீர்கள். அம்மாவை அப்பா விடவில்லை. நான் வந்தேன். அதே நர்ஸ் அக்கா மருந்து ஊற்றி ஊற்றித் துணியை உரித்தார். தோலும் கூடவே வந்தது. டாக்டரம்மா எது கடித்தது என்று கேட்டார். குரங்கு என்றீர்கள்.

நான் காயத்தைப் பார்த்தேன். நடுவிரல் முட்டி மேல் சாய்வாக ஒரே ஒரு கிழிசல். ஜோடி இல்லை, உள்ளங்கைப் பக்கம் எதுவுமே இல்லை. என் கையை மடக்கிப் பார்த்தேன். மடக்கியவுடன் அந்த முட்டிதான் முன்னால் வந்து நின்றது. அப்பாவின் வாயில் இருந்த ஓட்டை ஞாபகம் வந்தது. பிறகு அம்மாவின் நெற்றி.

"இது குரங்கு இல்ல டாக்டர்," என்றேன். "எங்க அப்பா பல்லு."

நர்ஸ் அக்கா நிமிர்ந்தார். நீங்கள் என்னைத் திட்டுவீர்கள் என்று நினைத்தேன். "அவ சொல்லுதது நெசந்தான்" என்றீர்கள். பிறகு அந்தக் காய்ச்சலிலும் சிரித்தீர்கள். "குரங்கு மேல பழியப் போட்டுட்டேன். பாவம் அதுக."

மடக்கிய கை பல்லில் மோதும்போது எச்சில் மூட்டுக்குள் போகிறது. கையை விரித்ததும் தோல் நகர்ந்து வாசலை மூடிக்கொள்கிறது. டாக்டரம்மா அதைச் சொல்லிக்கொண்டே கீறினார். சீழ் தட்டில் விழுந்தது. சாக்கடையில் செத்த எலி கிடந்தால் வருமே, அந்த நாற்றம். நான் வாளியில் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் வந்து பார்த்தேன். அது எங்கள் அப்பாவின் வாய்க்குள் இருந்து வந்தது. அந்த வாயால்தான் அவர் சின்ன வயதில் எனக்கு முத்தம் கொடுத்திருக்கிறார்.

உங்களுக்குச் சர்க்கரை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். கையை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். கையில்லாமல் உங்களுக்கு என்ன பிழைப்பு என்று அம்மா அழுதாள். அதை எடுப்பதற்கு முன்பே விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. இரண்டு கையோடும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அப்பா குரங்கு என்றார். அதைக் கேட்டு அருவிக்கரையில் குரங்கு பிடிக்கக் கூண்டு வைத்தார்கள். கம்பியைக் கடித்துக்கொண்டு கத்திய குரங்குகளை அப்பாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் பேச வாயெடுத்தபோது அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "செத்தவன் வரப்போறானா ஏட்டி? நாம இந்த வீட்டுக்குள்ள இருக்கணும்லா."

அதற்குப் பிறகு நான் வெளியே சொல்லவில்லை. ஆனால் ஒன்று என்னோடு தங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விளையாட்டுப் பீரியடில் கடிபட்டு வந்தபோது, காப்பித்தூள் தேடியவர்களைத் தாண்டி அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கையில் வட்டமாகப் பல் தடம், மேலே எச்சில் பளபளப்பு. முகத்தைத் திருப்பாமல் சோப்புப் போட்டேன். போதும் என்று அவள் சொல்லச் சொல்லக் கழுவினேன். எது கடித்தது என்று கேட்டேன். நாய் என்றாள். இன்னொரு முறை கேட்டதும், கூட விளையாடியவள் பெயரைச் சொன்னாள். யாரைக் கடித்தாலும் நான் இரண்டு முறை கேட்பேன், மாமா.

இன்று வீட்டுக்கு வந்தபோது கடையநல்லூர் அத்தை, அப்பாவின் அக்கா, குளிக்க வந்தவள் ரம்புட்டான் பழத்தோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். குரங்குத் தொல்லை குறைந்ததா என்று கேட்டாள். அப்பா கதையைத் தொடங்கினார். குரங்கு எப்படிப் பாய்ந்தது என்று கையை விரித்துக் காட்டினார். புதிதாகக் கட்டிய பல் மற்றவற்றைவிட வெள்ளையாக இருக்கிறது. "அது எச்சில்ல அம்புட்டு விசம்க்கா" என்றார். அதுகளை அடித்தே கொல்ல வேண்டும் என்றாள் அத்தை.

அம்மா பழம் உரித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வந்த வாடை என் சட்டையில் இருந்ததோ என்னவோ, என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"குரங்கு கடிக்கல மயினி," என்றாள். குரல் ஏறவே இல்லை. "இவுக என்னைய அடிச்சாக. தம்பி இவுக வாயில குத்துனான். அந்தப் பல்லுதான் அவனக் கொன்னுச்சு."

அத்தை வாய்க்குக் கொண்டுபோன பழத்தைத் திரும்பவும் தட்டில் வைத்தாள். அம்மா அடுத்த பழத்தை எடுத்து உரித்தாள்.

அப்பா எழுந்தார். நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கும்போதே, கூடத்து லைட்டை அணைத்துவிட்டு வெளியே போனார்.