சந்தையில் வாங்கிய வயரில்லா மைக்

ஜூன் 4, செவ்வாய்

பாடினால் மார்க் போடும் வீடியோகே பெட்டிக்கு வயரில்லா மைக் வாங்கினேன். முந்நூற்றைம்பது பெசோ. பழைய மைக்கை என் புருஷன் இஸ்கோ இறந்ததிலிருந்து யாரும் தொடவில்லை, வயரை எலி கடித்துவிட்டது. "அக்கா, இதுல பாடினா நூறு மார்க் நிச்சயம்" என்றான் கடைக்காரன். பாடினேன். ஐம்பத்தெட்டு. மைக்கைக் குறை சொல்வதா, என் தொண்டையையா?

ஜூன் 5

கோழிக்கூண்டு வரை நடந்து பாடிப் பார்த்தேன், குரல் அறுபடவில்லை. பேட்டரி மூடி மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. ரப்பர் பேண்ட் போட்டாயிற்று. கொடுத்த காசுக்கு மோசமில்லை.

ஜூன் 7, வெள்ளி

இன்று பாடவில்லை. இஸ்கோ படத்துக்கு முன்னால் உட்கார்ந்து மைக்கிலேயே பேசினேன். கிறுக்கி! வெறும் வாயால் பேசினால் வீடு பதில் சொல்லாது, மைக்கில் பேசினால் எதிரொலியாவது வரும்.

அடுத்த வீட்டில் இருக்கும் என் தங்கை கோரிங்கைப் பற்றித்தான். மூன்று வருஷம் முன்பு திருவிழாவில், ஊரே கேட்க, "அக்காகூட பாடினா எண்பது தாண்டாது" என்றாள். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். இஸ்கோவின் துக்க வீட்டுக்கு ஒரு பானை பன்சித் நூடுல்ஸ் கொடுத்தனுப்பினாள். எங்கள் ஊரில் பிறர் பாத்திரத்தைக் காலியாகக்கூடத் திருப்ப மாட்டார்கள். நான் திறக்காமலே திருப்பினேன். அதற்குப் பிறகு அவள் என் பக்கம் வரவில்லை.

"அன்னிக்கு எனக்கு அவ்வளவு பசி, இஸ்கோ" என்றேன்.

ஜூன் 9, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்து பெட்டியைப் போட்டேன். மைக் மேஜைமேல் கிடக்கிறது, போடவேயில்லை. பெட்டிக்குள்ளிருந்து கோரிங் பாடுகிறாள்! நடுவே புருஷனை ஏசுகிறாள்: "யோவ், பூண்டு கருகுது பாரு!" அவளும் அதே கடையில்தான் இதே மைக்கை வாங்கியிருக்கிறாள், இரண்டுக்கும் ஒரே அலைவரிசை.

சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினேன். அவள் குரல் இங்கே வருமென்றால், வெள்ளிக்கிழமை நான் பேசியது?

ஐயோ.

ஜூன் 10

வெளியே தலைகாட்டவில்லை. துணிகூடக் கூடத்திலேயே காய்கிறது.

ஜூன் 12, புதன்

எத்தனை நாள் ஒளிந்திருப்பது? இன்று தெரிந்தே மைக்கை எடுத்தேன்.

"கோரிங், கேக்குதா? நீ சொன்னது நெசம், அதான் சுட்டுச்சு. பானையத் திருப்பினது என் தப்புடி. மன்னிச்சுடு."

பெட்டியில் வெறும் இரைச்சல். சின்ன வயதில் இருவரும் சேர்ந்து பாடும் பாட்டைப் போட்டேன். முதல் சரணம் என்னுடையது, பாடினேன். இரண்டாவது அவளுடையது. மைக்கை ஆஃப் பண்ணிவிட்டு நின்றேன். இசை மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஒரு வரி வீணாயிற்று, இன்னொரு வரி.

மூன்றாவது வரியில் என் பெட்டிக்குள் கோரிங் பாடினாள்.

அறுபத்தொன்று.

"பாத்தியா? எண்பது தாண்டாதுன்னு அன்னிக்கே சொன்னேன்!" என்றது பெட்டி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "வெள்ளிக்கிழமையே எல்லாம் கேட்டுட்டேன். என்கிட்ட வாயத் திறப்பியான்னு பாத்தேன். சரி சரி, கேட்டைத் திற அக்கா. ஒரு கையில மைக்கு, ஒரு கையில பானை, சுடுது!"

ஜூன் 13

பானையைக் கழுவிவிட்டேன். காலியாக எப்படி அனுப்புவது? பிபிங்கா அப்பம் சுட அரிசி ஊறுகிறது.