முனுசாமியின் வயிறு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். மலையடிவாரத்தில் கிருத்திகைப் பந்தல் வேலை. தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறி மைக் அலறல். துணி ஊறுகிறது. மனநல டாக்டராயிற்றே, செவ்வாய்க்கிழமை ஏதோ கல்லூரியில் ‘மன அமைதி’ பற்றிப் பேச வேண்டுமாம். ஒரு வரிகூட எழுதவில்லை.

மூன்று மணிக்கு தேவகி போன். ஆர்.கே.பேட்டை முனுசாமியின் மனைவி. முனுசாமி விசைத்தறி ஓட்டுபவர். காதில் குரல்கள் கேட்டு, தறியை விட்டு, தெருவில் திரிந்தவர். மூன்று மாத்திரைகள் மாற்றியும் சரிப்படாமல் கடைசியில் குளோசபின் கொடுத்தேன். திரும்ப வேலைக்குப் போனார். அந்த மாத்திரை குடலை மந்தமாக்கும். அதனால்தான் வரும்போதெல்லாம் மலம் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்பேன்.

“மேடம், நேத்திலிருந்து வயித்து வலின்னு துடிச்சிகினு இருக்காரு. நேத்து நம்ம ஆஸ்பத்திரிக்குத்தான் இட்டாந்தோம். ஊசி போட்டாங்க, தூங்கிகினே இருந்தாரு. இப்ப ஒரே வாந்தி.”

“வெளிக்கிப் போய் எத்தனை நாளாச்சு?”

“அத்த யாருமே கேக்கலீங்களே. வாரத்துக்கு மேல ஆவுது.”

உடனே கொண்டுவரச் சொல்லிவிட்டு நானும் ஓடினேன். தேவகியின் தம்பி ஆட்டோவில் கொண்டுவந்தான். “பாவா, மெதுவா, பாவா” என்று அக்கா புருஷனைத் தோளில் தாங்கி இறக்கினான். வயிறு மேளம் மாதிரி. ஸ்டெதஸ்கோப் வைத்தேன். சத்தமே இல்லை. குடல் அசையவில்லை.

முனுசாமி சொன்னார்: “நேத்து உள்ள தறி ஓடிகினு இருந்துச்சு மேடம். இன்னிக்கி நின்னுபோச்சு.”

நேற்று பார்த்த டியூட்டி டாக்டர் அங்கேதான் நின்றான். சின்னப் பையன், படித்து வந்து ஒரு வருடம். ‘வயிற்றில் தறி ஓடுவதாகப் பிரமை’ என்று எழுதி மயக்க ஊசி போட்டிருக்கிறான்.

“வயித்துல கை வெச்சுப் பாத்தியா?”

“மேடம், உங்க கேஸ்னு சீட்டுல இருந்துச்சு...”

“தொட்டியா?”

“இல்ல மேடம்.”

எக்ஸ்ரே. சர்ஜனுக்குப் போன். “காலைல பாக்கலாமே மேடம். இந்த மாதிரி ஆளுங்க ட்யூபெல்லாம் புடுங்கிப் போட்டுடுவாங்க.” நீங்கள் வராவிட்டால் இவரை உங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து கிடத்துவேன் என்றேன். வந்தார். ஃபிலிமைப் பார்த்தார். நேராக ஆபரேஷனுக்குக் கை கழுவப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

உயிரோடு இருக்கிறார். குடலில் ஒரு முழம் கறுத்துப்போயிருந்ததாம். வெட்டி எடுத்து, மலம் போக வயிற்றில் பை வைத்திருக்கிறார்கள்.

தேவகி நேராகக் கேட்டாள். “நீங்க குடுத்த மாத்திரையாலதானா மேடம்?”

“ஆமா. அதுக்குத்தான் கூடவே சிரப்பும் எழுதுறேன். தினமும் குடுத்தீங்களா?”

“குடுத்தாத்தானே குடிப்பாரு? மூணு மாசமா கவுன்டர்ல தரலீங்க. பைத்தியத்துக்கு பேதி மருந்து எதுக்குன்னு அந்தாளு சிரிச்சாரு.”

மருந்தகத்துக்குப் போனேன். சிரப் அடுக்கில் வரிசையாக இருக்கிறது. ஸ்டாக் இல்லாமல் இல்லை. அந்த ஆள் சொல்கிறான்: “உங்க ஓ.பி.க்கு மனசு மருந்து மட்டும்னு நெனச்சேன் மேடம்.” கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மதியம் சாப்பிடவில்லை. தயிர் புளித்துவிட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கல்லூரிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மன அமைதி!

வார்டுக்குப் போனால் முனுசாமி கடைசிக் கட்டிலில், கக்கூஸ் பக்கம். இரண்டு கையும் பேண்டேஜ் துணியால் கட்டிலில் கட்டி. அமைதியாகப் படுத்திருக்கிறார்.

“ஏதாவது பண்ணாரா?”

நர்ஸ்: “இல்ல மேடம். பண்ணிடுவாரோன்னு.”

நானே அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப்போய் நகம் உடைந்தது. மணிக்கட்டில் சிவப்பாகத் தடம். அவர் என்னைச் சமாதானப்படுத்துகிறார்: “வுடுங்க மேடம், பயப்படுறாங்க.” அதுதான் இன்னும் எரிச்சல்.

இருபது வருடமாக இதே சண்டை. என் நோயாளிகள் குரல் கேட்டுச் சாகவில்லை. சர்க்கரையால், இதயத்தால், நுரையீரலால், இப்போது குடலால். மற்றவர்களைவிட எவ்வளவோ முன்னாலேயே. இடுப்பளவு டேப், பிரஷர் மிஷின், எடை மெஷின் எல்லாம் நானே வாங்கி என் ஓ.பி.யில் வைத்தேன். எனக்குப் பெயர் ‘டெய்லரம்மா’. சிரிக்கட்டும். ஆனால் நோயாளி என் அறையைத் தாண்டினதும் அவருக்கு உடம்பே இல்லாமல் போய்விடுகிறதே.

ஆகஸ்ட் 6, புதன்

சூப்பரின்டென்டென்ட் அறை. “பையனைப் பத்தி எழுதிக் குடுத்தா அவன் வாழ்க்கை போயிடும். நீங்கதான் சீனியர், கொஞ்சம் அமைதியா...”

எழுதிக் கொடுத்தேன். அவனைப் பற்றி மட்டும் இல்லை. மருந்தகம், கடைசிக் கட்டில், கையைக் கட்டியது, சர்ஜன். எல்லாம். எல்லாருக்கும் ஒரு மணி நேரம் நானே வகுப்பு எடுக்கிறேன், ஏற்பாடு செய்யுங்கள் என்றும். “பாக்கலாம்” என்றார். பார்க்கலாமாம்.

சாயங்காலம் மழை, ஐந்து நிமிஷம். துணி நனைந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

வார்டில் காலெடுத்து வைக்கும் முன்பே தேவகி ஓடி வந்தாள். “பையில காத்து வந்துச்சு மேடம்! பொம்முனு ஊதிகிச்சு!” குடல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடு வார்டில் நின்றேன். நாலு நாளில் முதல் முறை சிரிப்பு.

முனுசாமி சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி: “பேச ஆரம்பிச்சிட்டாங்க மேடம்.” மாத்திரை நிறுத்தி நாலு நாள். குரல்கள் வந்துவிட்டன.

சர்ஜன் தேவகியிடம், அந்த மாத்திரையை இனிமேல் தொடவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. வேறு எந்த மாத்திரைக்கும் குரல்கள் அடங்கவில்லை என்பதும் உண்மை. கட்டிலில் உட்கார்ந்து இரண்டு பக்க ஆபத்தையும் சொன்னேன். எதுவும் மறைக்கவில்லை. எது வேண்டும் என்று கேட்டேன்.

முனுசாமி யோசித்தார். “வயிறும் வோணும் மேடம். தலையும் வோணும். ரெண்டுல ஒண்ணுன்னு கேக்காதீங்க.”



ஆகஸ்ட் 8, வெள்ளி

முடிவு: குடல் தேறியபின் குளோசபின் மறுபடியும், மிகச் சிறு அளவில், வார்டில் வைத்தே. தினமும் சிரப். தினமும் நான் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன். சர்ஜனும் ஒத்துக்கொண்டார், முனகிக்கொண்டே. முனுசாமி சம்மதம். தேவகி கேட்டாள்: “மறுபடியும் ஆச்சுன்னா?” ஆகாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொல்லவும் இல்லை.

ஓ.பி. நடுவில் எமர்ஜென்சியிலிருந்து போன். அதே பையன்.

“மேடம், உங்க பேஷன்ட் ஒருத்தர், திருவாலங்காடு. நெஞ்சு அடைக்குதுங்கிறார். உங்க ரூமுக்கு அனுப்பட்டுமா?”

“ஈசிஜி எடுத்தியா?”

“இல்ல மேடம்.”

“போனை வைக்காதே. எடு. நான் லைன்லயே இருக்கேன்.”