நீலப் பென்சில்

மினியாபொலிஸ்
14 செப்டம்பர் 2009

அன்புள்ள ஐலி அவர்களுக்கு,

நலமா? இருபத்து மூன்று வருடங்களுக்கு முன், காகித ஆலை வேலைநிறுத்தத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று டேப் ரெக்கார்டரும் கையுமாக உங்கள் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தேனே, அந்த மார்கிட் ஓல்சன் எழுதுகிறேன்.

இப்போது பல்கலைக்கழகத்தில் வியாழன் மதியம்தோறும் சமூக ஆய்வு முறைகள் குறித்துக் கருத்தரங்கு நடத்துகிறேன். மக்களிடம் போய் எப்படிக் கேட்பது, கேட்டபின் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது, இதுதான் வருடம் முழுக்கப் பேச்சு. ஆளுக்கு ஒரு கிண்ணம் சூப் உண்டு. நான்காம் வாரத் தலைப்பு ஆய்வாளரின் தவறுகள். அதற்கு ஊரார் தவறைத் தேடுவானேன், என்னுடையதே கைவசம் இருக்கிறது.

அன்று உங்களிடம் கேட்டேன்: “அந்தக் கடைசி ஓட்டெடுப்புல உங்க குடும்பத்துல யார் யார் எப்படிப் போட்டீங்க?” நீங்கள் பேசவில்லை. கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். நான் மூன்றிலேயே பயந்துபோய், “சரி, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?” என்று தாவிவிட்டேன்.

அந்தப் பேட்டி நாடாவை வகுப்பில் போட்டுக்காட்ட உங்கள் அனுமதி வேண்டும். படிவம் வைத்திருக்கிறேன். பெயர் வெளிவராது. என் ஆய்வேட்டில் நீங்கள் மார்த்தா.

மரியாதையுடன்,
மார்கிட்

*

ஹார்ட்வெல்
21 செப்டம்பர் 2009

மார்கிட் பெண்ணே,

உன்னை மறப்பேனா? ஏலக்காய் ரொட்டியில் நாலு துண்டு தின்றுவிட்டு “பசியே இல்லைங்க” என்றவள் நீ. இத்தனை வருடத்தில் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து உண்டா? காரியம் என்றதும் கடிதம் வருகிறது. போகட்டும், கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

என்னை ஏன் மார்த்தா ஆக்கினாய்? எங்கள் ஊரில் இருந்த ஒரே மார்த்தா மகா அழுமூஞ்சி.

அந்த மௌனத்தில் ஒன்றுமில்லை, அடுப்பில் காபி பொங்கியது, அவ்வளவுதான். என் வீட்டு ஓட்டைத்தான் ஊரே அறியுமே. வேலைக்குத் திரும்பலாம் என்று ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் முடிவானது. நாற்பது பேரை ஆலை திரும்பச் சேர்க்கவே இல்லை. அந்த ஒரு ஓட்டு என் அண்ணன் டோய்வோவுடையது என்று ஊர் அவனைத் துரோகி ஆக்கியது. முப்பது வருடமாக ஊரை விட்டு டலூத் நகரில் இருக்கிறான். சாவு விழுந்தால்தான் வருவான், வந்தாலும் கடைசி வரிசையில் நிற்பான். கூடப்பிறந்தவன் என்று எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

அன்புடன்,
ஐலி கோஸ்கெலா

*

மினியாபொலிஸ்
9 அக்டோபர் 2009

அன்புள்ள ஐலி அவர்களுக்கு,

நேற்று நாடாவைப் போட்டேன். இருபத்திரண்டு பேர். உங்கள் மௌனம் வந்ததும் அத்தனை கரண்டிகளும் கிண்ணத்துக்கு மேலே அப்படியே நின்றன. வெறும் மூன்று வினாடி. “இன்னொரு தடவை போடுங்க” என்றார்கள். ஆறு முறை போட்டோம். இருபது வருடத்துக்கும் மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், யாரும் பேசாத ஒரு இடத்தை ஒரு அறையே அப்படிக் காதுகொடுத்துக் கேட்டதை நான் பார்த்ததில்லை.

காபி பொங்கியதாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். டிலோரஸ் என்றொரு மாணவி, அவசர உதவித் தொலைபேசியில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவள், தலையாட்டினாள். “காபிச் சத்தமே இல்லையே மார்கிட். ரெண்டு தடவை மூச்சை இழுக்கிறாங்க. பேசப்போறவங்க இழுக்கிற மூச்சு அது.”

என்ன சொல்ல வந்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்கும் உரிமையை அன்றே தொலைத்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மார்கிட்

*

ஹார்ட்வெல்
2 நவம்பர் 2009

மார்கிட்,

அந்த டிலோரஸ் பொல்லாத பெண். உன் கடிதத்தை மாவு டப்பாவுக்குள் ஒளித்துவைத்தேன், தினமும் எடுத்துப் படித்தேன்.

வேலைக்குத் திரும்பலாம் என்று போட்டவள் நான். பிள்ளைக்குக் காதில் சீழ். வேலைநிறுத்தத்தில் மருத்துவக் காப்பீடு நின்றுபோயிருந்தது. டோய்வோவும் அப்படித்தான் போட்டான் என்று ஊர் சொன்னபோது, நானும்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழி முழுவதையும் அவன் தலையிலேயே விட்டேன். இதைத்தான் உன்னிடம் சொல்ல மூச்சிழுத்தேன். நீ பிள்ளைகள் எத்தனை என்றாய். இரண்டு என்றேன்.

சனிக்கிழமை பஸ் ஏறி டலூத் போனேன். சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன். அவன் பேசவில்லை. எனக்கோ உளறிக்கொட்டிச் சமாளிக்கலாம் என்று நாக்கு துறுதுறுத்தது. உன் பாடம் ஞாபகம் வந்து எண்ணினேன். பத்து தாண்டியது. முப்பத்தேழில் கரண்டியைக் கீழே வைத்தான்.

“தெரியும் ஐலி. ஓட்டு எண்ணினதுல நானும் ஒருத்தன். எல்லாச் சீட்டும் கறுப்புப் பென்சில், வேலைக்குத் திரும்பலாம்னு போட்டதுல ஒண்ணு மட்டும் நீலம்.”

சாவடியில் இருந்த பென்சில் முனை உடைந்திருக்க, கோட்டுப் பையில் கிடந்ததை எடுத்துக் குறி போட்டது நினைவு வந்தது. காகித உருளையில் பழுது குறிக்கிற நீலப் பென்சில் அது. ஆலையில் அந்த வேலைக்கு இருந்தது நானும் அவனும்தான்.

“கூட எண்ணின கஸ் சீட்டைத் தூக்கிப் பிடிச்சு ‘எவன்டா இந்த நீலம்’னான். என்னுதுன்னேன். வேற என்ன சொல்றது?”

“அப்ப நீ எப்படித்தான் போட்ட அண்ணே?”

“வேலைக்குப் போகக் கூடாதுன்னு. உருளைக்கிழங்கை இப்படித் தள்ளு, ஆறிப்போச்சு.”

இப்படியும் ஒரு மனிதனா, மார்கிட்! அறுபத்து நாலு வயதில் அண்ணன் முன்னால் வாய்பிளந்து உட்கார்ந்திருந்தேன். முப்பது வருடம் ஒரு வார்த்தை சொன்னானா? ஒரு பார்வை பார்த்தானா?

பத்தொன்பதாம் தேதி வியாழன் நாங்கள் இருவரும் வருகிறோம். அவன் முன்வரிசையில் உட்காருவான், அதற்கு நான் பொறுப்பு. மார்த்தாவைத் தூக்கிப் போடு. கூட்டத்தில் என் பெயரையே சொல். அந்தக் கேள்வியை மறுபடி கேள். ஹார்ட்வெல்லில் இருந்தும் நாலு பேரை அழைத்து வருகிறேன், கஸ் உட்பட.

பத்து வரை எண்ணு. ஆனால் அவ்வளவு தேவைப்படாது.

உன்,
ஐலி