கரகரக்கும் அந்தக் கன்னடப் பாட்டு

சட்டையைத் துவைக்கப் போடும் முன் பையைத் துழாவியதில் இயர் பிளக் ஒன்று கையில் அகப்பட்டது. மிஷின் சத்தத்துக்குக் காதை அடைக்கக் கம்பெனியில் கொடுக்கும் அதே ஆரஞ்சு நிறம், அதே கயிறு. அமுக்கினால் அமுங்கி மெல்ல உப்பும் அதை விரலில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். உன் நினைவு வராமல் எப்படி இருக்கும்?

தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் எல்லோரும் அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு திரிந்தபோது, காதுக்குள் வைத்துக்கொண்ட ஒரே ஆள் நீ. கேன்டீனில்கூடக் கழற்ற மாட்டாய். சாம்பார் வேண்டுமா என்றால் தலையை மட்டும் ஆட்டுவாய். பாதுகாப்பு வாரத்தில் உன்னை மேடையேற்றி, "தொழிலாளின்னா இவர மாதிரி இருக்கணும்" என்று புகழ்ந்து, ஒரு டிபன் பாக்ஸும் கொடுத்தார்கள். கீழே இறங்கி வந்து என் காதில் சொன்னாய்: "கம்பெனிக்காகவாடா மாட்டுறேன்? சாயங்காலம் பாட்டு கேக்கணும்ல." சிரிப்பை அடக்க முடியாமல் நான் வெளியே போக வேண்டியதாயிற்று.

ஓசூரில் நமக்கு அடுத்தடுத்த வீடு. நான் ஊத்தங்கரைப் பக்கம், நீ மதுரைப் பக்கம், உனக்கு வாய்த்த மஞ்சுளா பார்டருக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல்லுக்காரி. ஒரே ஷிஃப்ட், ஒரே கம்பெனி பஸ். ஒத்துப்போகாத ஒரே விஷயம் பாட்டு. எனக்கு போனில் ஒரு ஆப் இருந்தால் போதும். பாட்டின் பெயரைப் பாதி அடிப்பதற்குள் அது பாட ஆரம்பித்துவிடும். உனக்கோ கம்ப்யூட்டரில் சாம்பல் நிறத்தில் ஒரு பிளேயர். படம் கிடையாது, அலங்காரம் கிடையாது, திறந்தால் செட்டிங் மேல் செட்டிங். முதலில், சத்தத்தைச் சுத்தமாக்கும் என்று நீ வாங்கி வைத்த கறுப்புப் பெட்டியை ஆன் செய்ய வேண்டும், பிறகு கம்ப்யூட்டர், பிறகு பிளேயர், கடைசியில்தான் ஸ்பீக்கர். வரிசை மாறினால் ஸ்பீக்கர் 'டம்' என்று அடிக்கும். நீ மிஷினை ஸ்டார்ட் செய்யும் அதே முகத்தோடு அதன் முன் உட்காருவாய். நீ ஒரு பாட்டைத் தொடங்குவதற்குள் நான் நாலு பாட்டு கேட்டு முடித்திருப்பேன்.

அது ஓடும்போது கம்ப்யூட்டரில் வேறு எதற்கும் சத்தம் வராது. அப்படித்தான் நீ செட் பண்ணி வைத்திருந்தாய். மற்ற சத்தம் கலந்தால் பாட்டு கெட்டுவிடுமாம். ஒருநாள் மஞ்சுளா அதில் தன் அம்மாவோடு வீடியோ காலில் பேச உட்கார்ந்து, "ரீ, அம்மா வாய் மட்டும் ஆடுதுரீ! ஒண்ணுமே கேக்கல!" என்று கத்தினாள். அவர்கள் வழக்கப்படி உன்னை 'ரீ' என்றுதான் கூப்பிடுவாள். நீ எழுந்திருக்கவே இல்லை. "ரெண்டு நிமிஷம் பொறு, பாட்டு முடியட்டும்" என்றாய். அந்தப் பக்கம் மாமியார் ஊமைப்படமாக ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

சுருக்கிய பாட்டைக் கேட்டதுமே கண்டுபிடித்துவிடுவேன் என்ற உன் கொட்டத்தை அடக்க நான் செய்த சோதனை ஞாபகம் இருக்கிறதா? நான் வேலை பார்க்கும் குவாலிட்டி செக்ஷனில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆள் சரியாக அளக்கிறானா என்று பார்க்க, ஒரே பீஸை வேறு பீஸ் போலத் திரும்பவும் கையில் கொடுப்போம். உன்னைச் சுவர் பக்கம் திரும்பி உட்கார வைத்து, ஒன்று சுருக்கிய சின்ன ஃபைல், மற்றது சுருக்காத உன்னுடைய பெரிய ஃபைல் என்று சொல்லிவிட்டு, பெரியதையே இரண்டு தடவை போட்டேன். நீ யோசிக்கவே இல்லை. "ரெண்டாவதுதான்டா. தபலா தனியா நிக்குது பாரு" என்றாய். பஸ்ஸில் நான் அதைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. சில நாள் கழித்து, ராயக்கோட்டைக்குத் தக்காளி வாங்கப் போன வழியில், பைக்கின் பின்னால் இருந்து சொன்னாய்: "ரெண்டாவது தடவ நான் நல்லாக் கேட்டேன்டா, அவ்வளவுதான்." அப்போதும் சிரித்தேன். இப்போது அந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை எனக்குள் சொல்லிப் பார்க்கிறேன்.

மஞ்சுளாவுக்கு ஒரு பாட்டு மேல் ஆசை. சின்ன வயதில் அவர்கள் ஊர் ஜாத்திரைத் திருவிழாவில் மைக் செட்டில் போட்ட கன்னடப் பாட்டு. எங்கெங்கோ தேடினாய். கிடைத்தது, ரேடியோவில் ஓடியதை யாரோ பிடித்து வைத்த பிரதி ஒன்றுதான். சூடான எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி ஒரே பொரிச்சல். முதல் சில விநாடிகள் கேட்டதும் முகத்தைச் சுளித்து நிறுத்திவிட்டாய். "நல்ல பிரதி கிடைக்கட்டும் மஞ்சு, முதல்முதலா நல்லாக் கேளு" என்றாய். அவளும் சரி என்றாள். அப்புறம் நான் எப்போது வந்தாலும், "நல்லது கிடைச்சிச்சாரீ?" என்று அவள் கேட்பதும், "தேடிட்டே இருக்கேன்" என்று நீ சொல்வதும் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. அன்பில்லாமல் நீ அப்படிச் செய்யவில்லை. அவளுக்கு மட்டமானதைக் கொடுக்க உனக்கு மனம் வரவில்லை. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஒருநாள், காலை ஷிஃப்டுக்கு பஸ் வருவதற்கு முன்பே மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்து வீடு ஓய்ந்தபின் மஞ்சுளா என்னைக் கூப்பிட்டாள். "அண்ணா, வீடு ரொம்ப சும்மா இருக்கு, சத்தமே இல்ல. அவர் பாட்டெல்லாம் என் போன்ல ஏத்திக் குடுங்கண்ணா."

அவள் போனில் உன் பெரிய ஃபைல்கள் கொள்ளாது. சுருக்கித்தான் ஏற்ற வேண்டும். சுலபம்தான் முக்கியம் என்று உன்னோடு காலமெல்லாம் சண்டை போட்ட எனக்குக் கை ஓடவில்லை. நீ பொத்திப் பொத்தி வைத்ததை நானே நசுக்குவதா? "இதுலயே கேளும்மா, நான் சொல்லித் தரேன்" என்று கெஞ்சினேன். பெட்டி, கம்ப்யூட்டர், பிளேயர், ஸ்பீக்கர் என்று வரிசையாகக் காட்டினேன். அவள் முயன்றாள். ஸ்பீக்கர் 'டம்' என்று அடித்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"அவர் இருக்கறப்பவே இதைத் தொட பயம்ணா" என்றாள். "இத்தனை வருஷம் இந்த வீட்ல பாட்டு ஓடுச்சு. ஒரு பாட்டுகூட நானா போட்டதில்ல."

அதற்குமேல் எனக்கு வாதாடத் தெம்பில்லை. உன் நாற்காலியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சுருக்கினேன். மூலத்தை அழிக்கவில்லை, பயப்படாதே. அந்தப் பொரிச்சல் பாட்டையும் சேர்த்தே ஏற்றினேன்.

போனை வாங்கியவள் வேறு எதையும் பார்க்கவில்லை. நேராக அதைத்தான் தேடித் தொட்டாள். அடுப்பு மேடைமேல் மிளகாய்த்தூள் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தாள். அந்தத் துளியூண்டு ஸ்பீக்கரில் இரைச்சல் முக்கால், பாட்டு கால். அவள் அசையாமல் நின்று முழுவதும் கேட்டாள். முடிந்ததும் மறுபடி போட்டாள். இந்தத் தடவை கூடவே வாய்விட்டுப் பாடினாள். அவளுக்குப் பாட வரும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமாடா?

முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சவுண்டு நல்லா இருக்குண்ணா."

நீ இருந்திருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கே சண்டைக்கு வந்திருப்பாய். வந்திருக்கலாமேடா.

கம்ப்யூட்டரையும் பெட்டியையும் என்னிடமே கொடுத்துவிட்டாள். வரிசை மாறாமல் ஆன் செய்கிறேன். சத்தியமாக எனக்கு இன்னும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இவ்வளவு பாடுபட்டுப் போட்ட பாட்டைப் பாதியில் விட்டு எழுந்திருக்க முடிவதில்லை. இந்த வயதில்தான் ஒரு பாட்டை முழுசாகக் கேட்கப் பழகுகிறேன். அது உன்னிடமிருந்து வந்தது. இன்னொன்றும் உன்னால் வந்ததுதான். என் வீட்டுக்காரி ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டால், எந்தப் பிரதி என்று பார்க்காமல் உடனே போட்டுவிடுகிறேன்.