தண்ணீர் விடாமல் அறுத்த கல்

மார்ச் 11, மாலை 6.10. அறுப்பு இயந்திரங்கள் ஆறு, ஓடுகிற தண்ணீர் பம்பு பூஜ்யம்.

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வீக்கம் வற்றியதா? "பரவாயில்லை" என்று எழுதாதீர்கள். வற்றியதா இல்லையா, அதை மட்டும் எழுதுங்கள். நான் நலம். லேசான இருமல், அவ்வளவுதான்.

இங்கே அடுக்களை மேடைக்குக் கருங்கல் அறுக்கிறோம். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி சேறாகிக் கீழே போய்விடும். பம்பு பழுதானதிலிருந்து எல்லாம் நெஞ்சுக்குள் போகிறது. இன்று பொறுக்க முடியாமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டேன். முதலாளி கோபப்படவே இல்லை.

"பம்பும் வரும், மாஸ்க்கும் வரும் தம்பி, எங்க ஓடிப்போகுது?" என்று சிரித்தார்.

சுவிட்சை மறுபடி போட்டது அவரல்ல, மூத்த அறுப்புக்காரர்.

"அண்ணே, நுரையீரல் கெட்டுப்போயிடும்" என்றேன்.

"அறுத்த கல் பலகைக்கு இவ்வளவுன்னுதான் கூலி. மெஷின் நின்னா வீட்டு அடுப்பும் நின்னுடும். மூஞ்சிக்குப் பவுடர் செலவு மிச்சம்னு நெனச்சுக்க தம்பி."

வெள்ளை வெளேரென்ற முகத்தோடு சிரித்தார். இருமல் வந்து சிரிப்பு பாதியில் நின்றது.

மூக்கில் கட்டிக்கொள்ள உங்கள் பழைய நூல் புடவை ஒன்று அனுப்புங்கள். இந்தத் தூசி துணிக்கு நிற்காது, தெரியும். துவைக்காமலே அனுப்புங்கள்.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது. இனி செய்யப்போவது:

1. நாளை காலை முதலாளியிடம் பம்பு கேட்பேன்.
2. இல்லையென்றால் மறுபடி சுவிட்சை அணைப்பேன்.
3. அந்த மூத்த அண்ணன் மறுபடி போடுவார். புடவை வந்ததும் அவருக்குப் பாதி கிழித்துக் கொடுப்பேன்.