ஈரக்கைக்கு ஒரு போன்

இன்று காலை வஞ்சிரத்தின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தபோது கழுத்தில் தொங்கிய போன் அடித்தது. கையைத் துடைக்கவில்லை. செதில் ஒட்டிய கட்டைவிரலாலேயே பச்சைப் பட்டனை அமுக்கினேன். ‘டிக்’ என்று உள்ளே இறங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும் பக்கத்தில் நீ உட்கார்ந்து மீன் வெட்டிய இடத்தைத்தான் பார்த்தேன். இப்போது அங்கே ஒரு ஐஸ் பெட்டி இருக்கிறது. இருந்தால் இருக்கட்டும். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? தோஸ்து, நாம் ஜெயித்துவிட்டோம். நம்ம பட்டன் போனை அந்தக் கம்பெனி திரும்பவும் கொண்டுவந்துவிட்டது.

எனக்கு எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுத வரும், உனக்கே தெரியும். ஆனால் மறதி மட்டும் வராது. அந்தக் கம்பெனி நமக்குச் செய்தது ஒன்றையும் நான் மறக்கவில்லை.

காசிமேட்டில் மீன் வெட்டும் பெண்களில் முதலில் போன் வாங்கியது நாம் இருவர்தான். ஒரே கம்பெனி, ஒரே நீலம். பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்வோம். “அக்கா, சங்கரா வந்துகீதா?” என்று வாடிக்கைக்காரர்கள் கூப்பிட்டால் விரல் முட்டியால் அமுக்கிப் பேசுவோம். ஒருநாள் உன் போன் மீன் கழுவுகிற பக்கெட்டில் விழுந்தது. நீ அலட்டிக்கொள்ளவே இல்லை. பேட்டரியைக் கழற்றிக் கருவாடு மாதிரி வெயிலில் காயவைத்தாய். மத்தியானம் அது மறுபடி மணியடித்தது. மார்க்கெட்டே சிரித்தது.

அப்படிப்பட்ட போனைச் செய்தவன் கொஞ்சம் கொஞ்சமாக நம்மைக் கைவிட்டான். முதலில் சார்ஜர் பின்னை ஒல்லியாக்கினான். பழைய சார்ஜர்கள் குப்பைக்குப் போயின. அடுத்து, தலையிலிருந்த டார்ச்சை எடுத்தான். பிறகு டப்பாவில் சார்ஜரே வைக்கவில்லை. “மீன வித்துட்டு, வெட்டித் தரமாட்டேன்னு சொன்னா நம்ம கைல யாருனா வாங்குவாங்களாடி?” என்று கேட்டாய். கடைசியில் பட்டனையே எடுத்துவிட்டான்.

மைக் கட்டிய வேன் ஒன்று மார்க்கெட் வாசலுக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? பழைய போனைக் கொடுத்தால் புது டச் போன் என்று கத்தினார்கள். நான் என் போனை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன். நீ கொடுத்துவிட்டாய். எண்ணூரில் கட்டிக்கொடுத்த உன் மகள் அப்போது மாசமாக இருந்தாள்.

“பொண்ணு மூஞ்ச தெனமும் இதுலயே பாக்கலாம்டி.”

“மூஞ்சி பாக்கறதுக்குக் கண்ணாடி வாங்கக் கூடாது?”

நான் கேட்டது பலித்துவிட்டது, வந்தது வெறும் கண்ணாடிதான். ஈரக்கை பட்டால் அந்தக் கண்ணாடி அசையாது. நாம் தொடாதபோது ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் தானாக யாரையாவது கூப்பிடும். அன்று காலை எண்ணூர் சம்பந்தியம்மாள் வளைகாப்பு விஷயமாக உன்னிடம் பேசிவிட்டு வைத்தாள். நீ போனை மடியில் போட்டுக்கொண்டு சங்கராவை உரசத் தொடங்கினாய்.

“அந்தம்மா வைக்கிற நெத்திலிக் கொழம்பு கீதே, எண்ணூர் கரண்டு ஆலை சாம்பத் தண்ணி தோத்துச்சு. அத துன்னுட்டு எம்பொண்ணு எப்டிதான் உயிரோட கீதோ!”

நான் சிரித்தேன். அப்போதுதான் பார்த்தோம், செதிலும் தண்ணீரும் பட்டு அந்தப் போன் அதே சம்பந்தியம்மாளைக் கூப்பிட்டிருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டாள். ஒரு மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

“இன்னா சம்பந்தி, என் வூட்டுக் கொழம்பு சாம்பத் தண்ணியா? உம்பொண்ணு அதையே துன்னுட்டு என் வூட்லயே புள்ள பெத்துக்கட்டும். அனுப்பமாட்டேன், போ!”

தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வரமாட்டாள் என்றதும் வெட்டிய மீனைப் பாதியில் விட்டு நீ எழுந்தாய். அதற்குமுன் நான் அதைப் பார்த்ததில்லை. அருவாமனையை அப்படியே போட்டுவிட்டு, மீன் வாசத்தோடு ராயபுரத்தில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் கடைக்குப் போனோம்.

டை கட்டியவர் மரியாதையாகத்தான் பேசினார். “தொடுறதுக்கு முன்னாடி கையத் தொடச்சுக்கணும்மா.”

“தொடச்சிகினே இருந்தா மீன யாரு வெட்டுவா, உங்க மொதலாளியா?” என்றேன் நான்.

“பட்டன் போன் இனிமே வராதும்மா. அது யாருக்கும் வேணாம்னு கம்பெனில முடிவு பண்ணிட்டாங்க.”

நீ அவருடைய மேசைமேல் ஈரக்கையை ஊன்றினாய். “யாருக்கும் வேணாமா? அப்ப நாங்க யாரு நைனா?”

அவர் மேசையில் விழுந்த சொட்டைத் துடைத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது, சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவர். கம்பெனிக்காரன் நம்மைக் கேட்காமல் முடிவெடுத்ததைக்கூட விட்டுவிடுவேன். நாம் இருக்கிறோம் என்பதையே கணக்கில் எடுக்கவில்லையே, அதைத்தான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மகளை நீ மீட்டுவிட்டாய். ஒரு கூடை நெத்திலியோடு எண்ணூர் போய், சம்பந்தியம்மாள் கையாலேயே குழம்பு வைக்கச் சொல்லி, மறுசோறு போட்டுச் சாப்பிட்டாய். “ருசிதாண்டி. அதான் எனக்கு ஆத்திரமே” என்றாய் என்னிடம் மட்டும்.

ஆனால் அந்த சர்வீஸ் கடையை விடவில்லை. மாதாமாதம் முதல் வெள்ளிக்கிழமை மாதாகோயில் பூசைக்கு நான் போவேன், மெழுகுவத்தி ஏற்ற நீ வருவாய். வழியில் இருவரும் அந்தக் கடைக்குள் தலையை நீட்டுவோம். “வந்துச்சா?” அவர் நிமிராமலே “வரலம்மா” என்பார். “வரும்” என்று சொல்லிவிட்டு நடப்பாய். என் போனும் எண்கள் அழிந்து, ஒருநாள் உயிரை விட்டது. நான் வேறு வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ சொன்னதும் இதுதான்: “வெள்ளிக்கெழமைய வுட்டுடாதடி.”

விடவில்லை. மழையிலும் தனியாகப் போனேன். என் மகள் திட்டினாள், “உனக்கு இன்னாம்மா பேஜாரு? நீ கேக்கறது அந்தக் கம்பெனிக்குத் தெரியவா போவுது?”

“தெரியாட்டி போவட்டும். எனக்குத் தெரியும்ல?”

போன வெள்ளிக்கிழமை தலையை நீட்டினேன். நான் வாயைத் திறக்குமுன் அவர் எழுந்து நின்றார். இப்போது தொப்பை போட்டு, மீசையும் நரைத்துவிட்டது அவருக்கு.

“வந்துடுச்சும்மா!”

அதே நீலம். தலையில் டார்ச். பக்கத்தில் பைக் நிறுத்தியிருந்தவனின் தண்ணீர் பாட்டிலை வாங்கி, கையை நனைத்து அமுக்கிப் பார்த்தேன். டிக். டிக். டிக்.

“கூட ஒரு அம்மா வருவாங்களே?” என்று கேட்டார்.

“அவ மேல போய்ட்டா. நீ சத்தமா சொல்லு நைனா, கேக்கும்.”

கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தார். பிறகு வாசலுக்கு வந்து, வானத்தைப் பார்த்து, “வந்துடுச்சும்மா!” என்று கத்தினார். தெருவே திரும்பியது. உனக்குக் கேட்டிருக்கும்.

இன்று மார்க்கெட்டில் எல்லாருடைய ஈரக்கையிலும் அந்தப் போன் ஒரு சுற்று வந்தது. முதலில் நான் கூப்பிட்டது எண்ணூர் சம்பந்தியம்மாளை. “எனக்கும் ஒண்ணு சொல்லி வை. அவ பேசுனதக் கேட்ட காதுடி இது” என்றவள் அழுதாளோ சிரித்தாளோ, தெரியவில்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். பின்மூடியைத் திருப்பிப் பார்த்தால், பேட்டரியைக் கழற்ற முடியாதபடி ஒட்டிவைத்திருக்கிறான். வருகிற முதல் வெள்ளி அந்தக் கடைக்குள் தலையை நீட்டப்போகிறேன். கழற்றுகிற பேட்டரி யாருக்கும் வேண்டாம் என்று சொல்லட்டும், நீ கேட்டதையே கேட்பேன். வாசலில் நிற்பது நான் ஒருத்திதான். ஆனாலும் வாயில் ‘நாங்க’ என்றுதான் வரும்.